பாட்டியின் நிரை

கமுந்திங் வட்டாரத்தின் தலப்படத்தை மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். கிழக்கே புக்கிட் லாருட் பக்கம் பழுப்புக் கோடுகள் சீவி முடிந்த கூந்தலாய் நெருங்கிக் கிடக்கின்றன. தைப்பிங் சமவெளிக்கு இறங்கியதும் கலைந்து விலகுகின்றன. சம உயரக் கோடுகள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது.

என் பாட்டி அப்படித்தான் நடந்தார். மேட்டுக்காட்டில் ரப்பர் நடும்போது, மழைத்தண்ணீர் மேல்மண்ணை அரித்துப் போகாதபடி சரிவைச் சுற்றிப் படி வெட்டி, ஒரே மட்டத்தில் நிரை பிடிப்பார்கள். விடியுமுன் தலைவிளக்கோடு அந்தப் படியில் மரம் மரமாகச் சீவிக்கொண்டு போவார். திரும்பும்போது தோளில் காண்டா என்ற சுமைக்கம்பு, இரு முனையிலும் பால் வாளி. "காலு மட்டம் தப்புனா பாலு தளும்பிரும்யா" என்பார். 1774-இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையை அளந்த கணக்குகளை வைத்து, காகிதத்தில் சம உயர இடங்களைக் கோட்டால் இணைத்துப் பார்த்தார் கணித அறிஞர் சார்லஸ் ஹட்டன். பாட்டிக்குக் கணக்கு வேண்டியதில்லை, வாளியே ரசமட்டம்.

மலையின் முகத்தையும் அவர் படித்திருந்தார். கடல்மேகம் புக்கிட் லாருட்டில் முட்டி உடைவதால் தைப்பிங்கில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. மரம் நனைந்தால் பால் பட்டையில் வழிந்து வீணாகும். சீவல் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. மலை கறுத்த மாலைகளில் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

ஈயம் வந்ததும் இதே சரிவில்தான். கருங்கல் மலை கரையக் கரைய, கனமான ஈயமணல் அடிவாரத்தில் தங்கியது. அதைத் தோண்ட வந்தவர்கள் 1861 தொடங்கி 1874 வரை லாருட் வட்டாரத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்தார்கள். கமுந்திங்கின் பழைய பெயரே கிலியான் பாரு, புதுச்சுரங்கம். தோண்டிய குழிகளில் சில 1880-இல் தைப்பிங் ஏரிப் பூங்காவாயின. நிலத்தை வாழ்வின் அடிப்படையான முதற்பொருளில் வைத்த தொல்காப்பியரை இங்கே நின்றால் நன்றாகப் புரிகிறது.

இப்படிப் படம் வரைவதைக் குறிக்கும் டோப்போகிராபி என்ற கிரேக்கச் சொல்லுக்கு இடத்தை எழுதுவது என்று பொருள். என் தலப்படத்தில் ஆறும் சாலையும் உண்டு. பாட்டியின் நிரை இல்லை. காண்டா சுமந்தவர் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், எந்த மேட்டில் எந்த நிரை என்று இன்றே கேட்டு, படத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.