கை இல்ல டீச்சர்



போன வாரம் பேரன் என்னிடம் ஒரு படத்தைக் காட்டினான். 2022 கத்தார் உலகக் கோப்பை சமயத்தில் எடுத்ததாம். வரிசையாகக் கால்பந்துகள், கூடவே வயர்கள்.

"என்னடா இது, பந்துக்குக் குளுக்கோஸ் ஏத்துறாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆச்சி, சார்ஜ் போட்டிருக்காங்க" என்றான்.

நான் நம்பவில்லை. அவன் உட்கார்ந்து விளக்கினான். பிறகு நானும் தேடிப் படித்தேன். அந்தப் பந்தின் பெயர் அல் ரிஹ்லா, அடிடாஸ் செய்தது. பந்தின் நட்டநடுவில் ஒரு சின்ன சென்சாரைப் பொருத்தியிருக்கிறார்கள். நம் போனைச் சாய்த்தால் திரை தானாகத் திரும்புகிறதே, அதுபோல அசைவை உணரும் கருவிதான் அதுவும். பந்தின் அசைவை விநாடிக்கு 500 முறை அளந்து, வயர் எதுவும் இல்லாமல் வீடியோ நடுவர்கள் இருக்கும் அறைக்கு அனுப்பிவிடும். மைதானத்தின் கூரையடியில் 12 கேமராக்கள் வேறு. அவை ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 இடங்களை விநாடிக்கு 50 முறை கவனிக்கும். ஆஃப்சைடா இல்லையா என்று பார்க்க, பந்தை உதைத்த கணம் எது என்று சரியாகத் தெரிய வேண்டும். கேமராவைவிடப் பந்துக்கே அது நன்றாகத் தெரியும்.

அந்தப் போட்டியில் நவம்பர் 28 அன்று போர்ச்சுகலும் உருகுவேயும் மோதின. புருனோ பெர்னாண்டஸ் அடித்த பந்து கோலுக்குள் போனது. ரொனால்டோ துள்ளி எழுந்து, தன் தலையில் பட்டுத்தான் போனது என்று கொண்டாடினார். கோல் பெர்னாண்டஸ் பெயரில் எழுதப்பட்டது. பந்துக்குள் இருந்த சென்சாரில் அவர் தொட்டதற்கான அடையாளமே இல்லை என்று அடிடாஸ் சொல்லிவிட்டது. உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் ஆள். ஆனால் பந்துக்கு ரொனால்டோ யார் என்று தெரியாது.

2024 ஐரோப்பியக் கோப்பையில் இன்னொன்று. பெல்ஜியம், ஸ்லோவாக்கியாவோடு ஆடியபோது லுக்காக்கு ஒரு கோல் போட்டார். அதற்கு முன்பு அவருடைய அணியைச் சேர்ந்த ஒப்பெண்டாவின் கையில் பந்து பட்டதா என்று சந்தேகம். கிரிக்கெட்டில் பேட்டில் பந்து உரசியதைக் காட்ட ஒரு கோடு துடிக்குமே, அதேபோல் திரையில் கோடு துடித்தது. கை பட்டிருந்தது. கை பட்டது குற்றமா இல்லையா என்பதை நடுவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவரும் படத்தைப் பார்த்து கோலை ரத்து செய்தார்.

"கை" என்று பேரன் சொன்னதும் எனக்கு நெஞ்சில் ஏதோ தைத்தது. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத விஷயம் இது.

திருச்செந்தூர்ப் பக்கத்தில், கடலோர ஊர் ஒன்றில் நான் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் பள்ளிக்குப் பி.டி. சார் கிடையாது. "டீச்சர், நீங்க கொஞ்சம் விசில் ஊதுங்க" என்று தலைமையாசிரியர் சொன்னதால், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மைதானத்தில் இறங்கியவள் நான். கால்பந்து விதிகளை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களே நீங்கள்தான்.

1996 ஜனவரி. ஆண்டு விழா விளையாட்டுப் போட்டி. எட்டாம் வகுப்பு 'அ' பிரிவும் 'ஆ' பிரிவும் மோதின. முந்தின நாள் பெய்த மழையில் மைதானம் முழுக்கச் செம்மண் சேறு. ஆளுக்கொரு கோல். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது 'ஆ' பிரிவுப் பையன் ஒருவன் உயரத்தில் வந்த பந்தை வாங்கி, கீழே விட்டு, ஒரே உதை. கோல்.

"கை டீச்சர், கை!" என்று 'அ' பிரிவு மாணவர் தலைவன் கத்தினான். வகுப்பில் முதல் மாணவன். 'அ' பிரிவுக்கு வகுப்பாசிரியை நான்.

கோல் போட்டவன் ஓடி வந்தான். "கை இல்ல டீச்சர், நெஞ்சுல பட்டுச்சு. சத்தியமா டீச்சர்."

அவன் அடிக்கடி பள்ளிக்கு வராதவன். வீட்டுப்பாடம் எழுதாமல் நோட்டு தொலைந்துவிட்டது என்று சொல்பவன். அப்பாவோடு விடியற்காலையில் வள்ளத்தில் போய்விட்டு வந்து வகுப்பில் தூங்குபவன். நான் பந்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

"நீ என்னைக்குடா உண்மை சொல்லியிருக்க?" என்றேன்.

கோல் இல்லை என்று விசில் ஊதினேன். அடுத்த நிமிடங்களில் 'அ' பிரிவு ஒரு கோல் போட்டு ஜெயித்தது. கோப்பையைக் கொடுத்ததும் நான்தான்.

திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டம். அவன் இரண்டாவது வரிசையில் நின்றான். அவனுக்கு இருந்தது ஒரே வெள்ளைச் சட்டை. துவைத்துத்தான் போட்டிருந்தான், ஆனால் செம்மண் கறை அவ்வளவு சீக்கிரம் போகுமா? நெஞ்சில், சரியாக நடுவில், பந்து அளவுக்கு வட்டமாக மங்கலான சிவப்பு.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டு வருகைப் பதிவேட்டை எடுத்தேன்.

அன்று அவன் பந்துக்குள் சென்சார் இருந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது என்று என்னைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் தேடிப் படித்தபோது கண்ணில் பட்ட இன்னொரு கதை அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில், பென்டத்லான் போட்டியின் வாள்சண்டைப் பிரிவு. வாளின் நுனி எதிராளி மேல் அழுந்தினால் மின்சுற்று இணைந்து விளக்கு எரியும். சோவியத் வீரர் போரிஸ் ஒனிஷ்செங்கோவின் வாள் தொடாமலே விளக்கு எரிந்தது. எதிர்த்து ஆடிய பிரிட்டிஷ் வீரர் ஜிம் பாக்ஸ், "என் மேல் படவே இல்லை" என்று முறையிட்டார். ஒனிஷ்செங்கோ அதற்கு முந்தின ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய பெரிய ஆள். அப்படியும் அதிகாரிகள் வாளை வாங்கிச் சோதித்தார்கள். கைப்பிடிக்குள் ஒரு திருட்டு சுவிட்ச் இருந்தது. அவரைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

அங்கே கருவிதான் பொய் சொன்னது. "படவில்லை" என்று ஒருவர் சொன்னதைக் காதில் வாங்கி, சோதித்துப் பார்த்ததால்தான் உண்மை வெளியே வந்தது. எனக்குச் சோதிக்க ஒரு கருவியும் தேவைப்படவில்லை. அவன் சட்டையைக் குனிந்து பார்த்திருந்தால் போதும். அன்றைக்குச் சேறு இன்னும் ஈரமாகத்தான் இருந்திருக்கும்.

அதன்பிறகு அவன் பந்து விளையாட வரவே இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பையும் நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான். அந்தக் கோலால்தான் நிறுத்தினான் என்று சொல்ல மாட்டேன். வீட்டு நிலைமை அப்படி. ஆனால் பள்ளியில் அவனுக்குப் பிடித்திருந்த ஒன்றே ஒன்றை நான் பறித்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

இதைப் படிப்பவர்களில் அவனோடு படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து அவன் பெயரைக் கீழே எழுத வேண்டாம். அவனைப் பார்த்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். அது கோல்தான் என்று டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்