மூன்று வருடப் பயிற்சி

அக்கா நூற்பாலைக்குப் போனது 1997இல். அவளுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதினைந்து. வேடசந்தூர் பக்கம் அப்போது மில்கள் முளைத்துக்கொண்டிருந்தன. புரோக்கர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் பேசினார். மூன்று வருடம் பயிற்சி, தங்க ஹாஸ்டல், மூன்று வேளைச் சாப்பாடு, நாளைக்கு இருபத்தைந்து ரூபாய் உதவித்தொகை. முடித்து வெளியே வரும்போது மொத்தமாக 30,000 ரூபாய். "புள்ள கல்யாணத்துக்கு ஆச்சு" என்றார்.

இந்த ஏற்பாட்டைச் சுமங்கலித் திட்டம் என்றார்கள். திருமகள் திருமணத் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்றும் பெயர்கள் உண்டு. தமிழ் படித்தவள் என்பதால் எனக்குப் பெயர்களின்மேல் ஒரு கண். ஃபிட்டர் பயிற்சி, வெல்டர் பயிற்சி, தட்டச்சுப் பயிற்சி என்று எதை எடுத்தாலும் கற்கும் தொழிலின் பெயர்தான் பயிற்சிக்கும் இருக்கும். நூல் நூற்கப் போன பெண்களின் பயிற்சிக்கு மட்டும் தாலியின் பெயர் வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பையன்களும் மில்லுக்குப் போனார்கள். அவர்கள் யாருடைய பயிற்சிக்கும் 'மாப்பிள்ளைத் திட்டம்' என்று பெயர் இருந்ததில்லை.

என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று அக்காவிடம் நான் கேட்டது பல வருடங்கள் கழித்துத்தான். முதல் நாள் மேஸ்திரி அவளை ஒரு ரிங் ஃபிரேமின் ஓரத்தில் நிறுத்தி, "பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். கற்றுக்கொடுத்தது அந்த சைடைப் பார்த்துக்கொண்டிருந்த உசிலம்பட்டி அக்கா. இழை அறுந்தால் முழங்காலால் பிரேக்கை அழுத்திக் கதிரை நிறுத்த வேண்டும். பாபினில் நூல்முனையைத் தேடி எடுத்து, டிராவலரில் மாட்டி, மேலே கொக்கி வழியாகக் கொண்டுபோய், உருளையிலிருந்து பஞ்சு வழியும் இடத்தில் சேர்க்க வேண்டும். முறுக்கு ஏறும் அந்த நொடியில் விட்டுவிட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மறுபடி அறுந்துவிடும். உசிலம்பட்டி அக்கா இவளுடைய விரலைத் தன் விரலுக்குள் பிடித்துக்கொண்டு பத்து இருபது முறை செய்துகாட்டினாள்.

"எத்தனை நாள்ல வந்துச்சுக்கா?"

"பதினஞ்சு நாள்ல கை பழகிருச்சுடி. ரெண்டு மாசத்துல ஒரு சைடு முழுக்க நானே பாத்தேன்."

மீதி இரண்டு வருடம் பத்து மாதத்துக்கும் பெயர் பயிற்சிதான். 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம், தொழில் பழகுபவர் தொழிலாளி அல்லர் என்கிறது. உண்மையில் பழகுகிறவருக்காக எழுதப்பட்ட வரி அது. பழகி முடித்தவர்களையும் அந்த வரியின் நிழலிலேயே நிறுத்திவைத்தால் மில்லுக்கு லாபம். பி.எஃப். இல்லை, நிரந்தரம் இல்லை, சங்கம் என்ற பேச்சே இல்லை.

பின்னாளில் பயிற்சி முறைகள் பற்றி வாசித்தபோது இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. ஒன்று, வேலைக்குப் புதிதாக வந்தவரைப் பழைய ஆளின் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்கவிடுவதை ஆங்கிலேயர்கள் 'நெல்லிக்குப் பக்கத்தில் உட்காருவது' என்கிறார்கள். நெல்லி என்பது பெண்பெயர். கற்றுக்கொடுப்பதற்காக அந்த நெல்லிக்குத் தனிக் கூலி கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உசிலம்பட்டி அக்காவுக்கும் கிடைக்கவில்லை.

இன்னொன்று, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கொண்டுவந்த முறை. ஆண்கள் போருக்குப் போய்விட, இயந்திரத்தையே தொட்டிராத பெண்கள் ஏராளமாக உள்ளே வந்தார்கள். அவர்களைச் சீக்கிரம் தேர்ச்சி பெறவைக்க நான்கு படிகள் வகுத்தார்கள்: கற்பவரைத் தயார்செய், செய்துகாட்டு, செய்யவிடு, பிறகும் வந்து கவனித்துக்கொள். பெண்கள் சீக்கிரம் கற்றாக வேண்டிய அவசரம் அங்கே இருந்தது. எங்கள் பக்கத்து மில்களுக்கோ பெண்கள் கற்று முடிக்காமலே இருப்பதுதான் வசதியாக இருந்தது.

அக்காவின் பணத்தில்தான் 1999இல் நான் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். முதல் வருடக் கட்டணம், விடுதிக்கட்டணம், ஒரு ஜோடி செருப்பு. மறுவருடத் தொடக்கத்தில், இரண்டு வருடம் எட்டு மாதம் முடிந்திருந்தபோது, இருமலும் நிற்காத உதிரப்போக்குமாக அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வருடம் முடியாததால் 30,000 ரூபாய் கிடையாது என்றார்கள். சான்றிதழ் ஏதாவது தாருங்கள் என்று அப்பா கேட்டதற்குக் காவலாளி சிரித்தாராம்.

நான் வேலைக்கு வந்தபின் 2009இல் பல்கலைக்கழகத்தில் 28 நாள் புத்தாக்கப் பயிற்சிக்குப் போனேன். அது இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. அக்காதான் வந்து பார்த்துக்கொண்டாள். ஒருநாள் மதியம் ஆளுமை மேம்பாட்டு வகுப்பு. எங்களை வட்டமாக நிற்கவைத்து ஒரு நூல்கண்டை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எறியச் சொன்னார் பயிற்றுநர். நாம் எல்லோரும் எப்படிப் பிணைந்திருக்கிறோம் என்று காட்டுவதற்காம். பாதியில் நூல் அறுந்தது. நான் கைபோன போக்கில் முடிச்சுப் போட்டேன், கோன் வைண்டிங்கில் போடும் சின்ன முடிச்சு, அக்கா சொல்லிக்கொடுத்தது. "மேடம் வீட்டுல நெறைய பூ கட்டுவாங்க போல" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. என் அக்கா மில்லில் வேலை பார்த்தவள் என்று சொல்ல எனக்கு எத்தனை நொடி தேவைப்பட்டிருக்கும்?

28ஆம் நாள் சான்றிதழ் தந்தார்கள். அது இப்போதும் கோப்பில் இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் சென்ற மாதம் என் மேசைக்கு வந்த ஒரு ஒப்பந்தம். ஒரு நிறுவனம் எங்கள் கல்லூரி மாணவிகளுக்கு ஆறு மாதத் தொழிற்பயிற்சி தருகிறதாம். உதவித்தொகை, விடுதி, வாகன வசதி. வேலைவாய்ப்புக் குழுவில் என் கையெழுத்தும் வேண்டும். இன்று எத்தனையோ இடங்களில் நல்ல பயிற்சி தருகிறார்கள், இதுவும் அப்படி இருக்கலாம். என் வகுப்பில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு அந்த உதவித்தொகை பேருந்துக்கட்டணம், அம்மாவின் மாத்திரை. மறுத்துவிடுவது எனக்குச் சுலபம், அவர்களுக்கு இல்லை.

அன்றிரவு அக்காவுக்குப் போன் போட்டேன். படித்துக்காட்டினேன். கேட்டு முடித்துக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள்.

"எத்தன நாள்ல இந்த வேலையக் கத்துக்கலாம்னு கேளு. கத்துக்கிட்ட மறுநாள்லருந்து என்ன சம்பளம்னு கேளு. பாதியில ஒடம்பு முடியாம வந்தா, வந்த நாளுக்குக் காசு உண்டான்னு கேளு. ஹாஸ்டல் கேட்டு எந்நேரம் தொறந்திருக்கும்னு கேளு. சொல்லிக்குடுக்குறது யாருன்னு கேளு, அவளுக்கு என்ன குடுக்குறாங்கன்னும் கேளு."

ஐந்தையும் அப்படியே கடிதத்தில் எழுதி அனுப்பினேன். மூன்று வாரமாகிறது. நேற்று முதல்வர் அறைக்குக் கூப்பிட்டு, "அந்த ஃபைல் ஏன்மா இன்னும் உங்ககிட்டயே இருக்கு?" என்றார். பதில் வரட்டும் சார் என்றேன்.