படகின் உட்புறம்

மேலைநாடுகளிலே சக்கரங்களின்மீது வீடமைத்து அதனை ஊர் ஊராக ஓட்டிச் செல்வோர் உளர். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிப்பிடம் யாவும் ஒரே வண்டிக்குள் அடங்கிய அவ்வூர்திகள் கைமாறும்போது, வாங்க வருபவர் உட்சுவரைத் தட்டிப் பார்க்கத் தவறுவதில்லை. மழைநீர் கசிந்து பலகையை உளுக்கச் செய்திருப்பின் ஓசையும் மணமும் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். இங்கிலாந்திலே ஈரத்தை அளப்பதற்கென்றே சிறு கருவியொன்றைக் கையிற் கொண்டு செல்வோரும் உண்டு. கல்முனைக் கரையில் அத்தகைய வண்டிகளை நாம் காண்பதில்லை. ஆயினும், ஆறு பேர் மூன்று வாரகாலம் உண்டு, உறங்கி, தொழுது வாழும் நகரும் வீடொன்று எமக்கும் உண்டு. அதுவே நெடுநாட் படகு. அதனை விற்போரும் வாங்குவோரும்கூடச் சுவரைத் தட்டித்தான் விலை பேசுகின்றனர்.

நெடுநாட் படகின் வரலாறு மிக நீண்டதன்று. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் இலங்கை மீனவர் கைக்கு வந்த மூன்றரைத் தொன் இயந்திரப் படகு 28 அடி நீளமானது. மாலையிற் சென்று மறுநாட் காலையிற் கரைசேர்வதற்கென அமைந்தது. 1980களின் தொடக்கத்தில் மீனவர்கள் தாமாகவே ஐஸையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு அதே படகில் இரண்டு மூன்று இரவுகள் கடலிலே தங்கிப் பார்த்தனர். தங்கத் தங்கப் படகும் வளர்ந்தது. மகள் பருவமெய்தினால் வீட்டுக்கு ஓர் அறை கூட்டுவதைப்போல, படகுக்கும் ஓர் அறை, பின் ஓர் அடுப்படி, பின் பெரியதொரு மீனறை என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அறிஞர் எவரும் வரைபடம் கீறித் தந்து தோன்றியதன்று இவ்வீடு என்பதை நினைக்கும்போது எனக்கு ஒருவகைப் பெருமிதம் உண்டாகும்.

எங்கள் குடும்பத்துக்கு அத்தகைய படகொன்று வந்தது போர் முடிந்தபின், 2010இல். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டது அம்பாறை மாவட்டத்தில்தான். எங்கள் வீட்டில் உயிர்கள் தப்பின. வாப்பாவின் சிறு படகும் அதன் இயந்திரமும் தப்பவில்லை. ஆறாண்டுகள் பிறர் படகிற் கூலிக்குச் சென்றவர், உம்மாவின் நகைகளை விற்றும், உறவினரிடம் கைமாற்று வாங்கியும், பேருவளைப் பக்கத்தார் ஒருவரிடமிருந்து 38 அடி நீளமான பழைய படகொன்றை வாங்கினார். நகைகள் போன அன்று உம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. படகு வந்து நின்ற அன்றும் அதனைப் பார்க்கப் போகவில்லை. எங்கள் கரையிலே பெண்கள் படகில் ஏறும் வழக்கமில்லை.

2018இல் அப்படகை விற்க வேண்டியதாயிற்று. காரணங்கள் இரண்டு. கல்முனைக்குத் துறைமுகமில்லை, பெரிய படகுகள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகிலேறியே அவற்றை அடைதல் வேண்டும். 2013இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டபோது இத்துன்பம் தீருமென மகிழ்ந்தோம். ஆனால், கரையோர நீரோட்டம் கொணரும் மணல் துறைமுக வாயிலிற் சேர்வதும், தோண்டியபின் மீண்டும் தூர்வதுமாக இருந்தமையால், எங்கள் பகுதிப் படகுகள் வடக்கே வாழைச்சேனையை நாடின. வீடு ஓரிடம், படகு ஓரிடம் என்றானபின் செலவு வரவை விழுங்கியது. மற்றைய காரணம் தங்கையின் திருமணம். அதனைப் பின்னர் சொல்வேன்.

வாங்க வந்தவர் வாழைச்சேனைப் பக்கத்துப் பெரியவர். அறுபது வயதை அண்மித்தவர். இயந்திரம் திருத்தும் பாஸ் ஒருவரையும் உடனழைத்து வந்திருந்தார். மணல் சற்று விலகியிருந்த நாளொன்றில் படகு ஒலுவில் துறைமுகத்தினுள் நின்றது. விடுமுறையில் ஊர் சென்றிருந்த நான், பத்திரங்கள் அடங்கிய பையைத் தூக்குவதற்காக உடன் போனேன்.

பத்திரங்களைப் பெரியவர் விரைவாகவே பார்த்து முடித்தார். செய்மதி வழியே படகின் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி வேலை செய்கிறதா என்று மட்டும் இருமுறை கேட்டார். இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை விதித்திருந்த தடையின் பின்னர், அக்கருவியில்லாத படகுக்கு ஆழ்கடலில் வேலையில்லை.

பாஸ் செய்த முதற் காரியம் என்னை வியக்கவைத்தது. இயந்திர அறைக்குள் இறங்கியவர் எதையும் கேட்குமுன் இயந்திரத்தின்மீது உள்ளங்கையை வைத்தார். நாங்கள் முன்கூட்டியே அதனை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறோமா என்று பார்த்தாராம். குளிர்ந்த நிலையிற் கிளம்ப மறுக்கும் இயந்திரத்தின் நோயைச் சூடு மறைத்துவிடும். அது குளிர்ந்தேயிருந்தது. பின்னர் ஓடவிட்டுப் புகையின் நிறத்தைப் பார்த்தார். நீலமாயின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். சுழல்தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் நீர் சொட்டுச் சொட்டாக விழுவதைக் கண்டு நான் பதறினேன். அவர் சிரித்தார். தண்டு சுழலும்போது அச்சொட்டு நின்றுபோனால்தான் பயப்பட வேண்டுமாம். அந்நீரே அதனைக் குளிரச் செய்வது.

இயந்திரத்தைப் பாஸிடம் விட்டுவிட்டுப் பெரியவர் அறைக்குள் வந்தார். படகோட்டியின் சக்கரமும் திசைகாட்டியும் முன்னே. அதன் பின்னால், இருபுறமும் மேலும் கீழுமாகப் படுக்கைத் தட்டுகள். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். அவர் எதுவும் பேசாமல் ஒரு தட்டில் ஏறிப் படுத்துவிட்டார். கால்கள் வெளியே நீண்டன.

“இதில ஆரு தம்பி படுத்த?”

“நான்தான் காக்கா.”

“உங்களுக்குக் காணுமா இந்த இடம்?”

“மடக்கிப் படுத்தாக் காணும்.”

எட்டு ஆண்டுகள் வாப்பா கால் மடக்கிப் படுத்த இடத்தை அன்றுதான் நான் முதன்முதலாக உற்று நோக்கினேன். தலைமாட்டுச் சுவரில், தலை உராய்ந்து உராய்ந்து பூச்சு மங்கியிருந்தது. ஒரு சிறு தட்டிலே துணியிற் சுற்றிய குர்ஆன். ஆணியிலே தொழுகைப்பாய். கரையில் கிப்லா அசையாது. கடலிலே படகு திரும்பத் திரும்பத் தொழுகையின் திசையும் திரும்பிக்கொண்டேயிருக்கும். ஆதலால் தொழுமுன் திசைகாட்டியைப் பார்த்துக்கொள்வர். வுழூவுக்குக் கடல்நீர். நன்னீர் குடிப்பதற்கும் சோறாக்குவதற்கும் மட்டுமே.

அடுப்படி பின்புறத்தில் இருந்தது. அலையிலே பானை கவிழாதிருக்க அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி வளைத்திருந்தனர். வெங்காயக் கூடை, சீனிப் போத்தல், பிளேன்டி ஊற்றும் கெண்டி, மூலையில் ஒரு திருவலை. பெரியவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, ‘உள்ளதெல்லாம் படகோடு’ என்றார் வாப்பா. நான் பட்டியல் எழுதினேன். கழிப்பிடம் எங்கே என்று வினவுவோருக்குக் காட்ட ஒன்றுமில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்விளிம்பில் அமர்வதே வழக்கம்.

இறுதியாக மீனறைகள். நெடுநாட் படகின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடியிழைத் தகடு இரண்டுக்கு இடையே நுரைப்பொருளை அடைத்து அவ்வறைகளின் சுவரை அமைப்பர். அந்நுரை உலர்ந்திருக்கும்வரை வெளிச்சூடு உள்ளே புகாது, ஐஸ் உருகாது, பிடித்த சூரையும் வளையாவும் கெடாது. உட்தகட்டில் மயிரிழை வெடிப்பு விழுந்து நுரை நீரை உறிஞ்சிவிட்டாலோ, சுவர் இருந்தும் இல்லாததே. வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. நாணயத்தால் தட்டினால், நல்ல இடம் ‘டக்’ என்று தெளிவாக ஒலிக்கும். நனைந்த இடம் மந்தமாக முனகும். பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார்.

அப்பொழுது வாப்பா, “காக்கா, மற்ற அறையெல்லாம் நீங்களே பாருங்க. இந்த மூண்டாவது அறைய மட்டும் நான் காட்டுறன்” என்று சொல்லி, தாமே உள்ளே இறங்கி, அவருடைய கையைப் பிடித்து அடிமூலையில் வைத்தார். மற்ற அறைகளில் இருபது நாள் நிற்கும் ஐஸ் இதில் பன்னிரண்டு நாளே நிற்கிறது என்றார். உட்தகட்டை வெட்டியெடுத்து, நனைந்த நுரையைக் களைந்து, புதிதாக அடைத்து மூடவேண்டும் என்றார். அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதையும் சொன்னார்.

இந்த இடத்தில் வாசகர் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். இந்நாட்டில் வழங்கும் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருப்பின், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு விற்பவரைப் பெரிதும் பொறுப்பாக்குவதில்லை. அஃதாவது, ‘உள்ளே வந்து பாருங்கள்’ என்ற அழைப்பே விற்பவனுக்கு ஒரு கேடயம். கதவைத் திறந்துவிட்டு வாய்மூடி நிற்பவன் சட்டப்படி குற்றவாளியல்லன். இஸ்லாமிய வணிக நெறி இவ்வளவோடு அமைவதில்லை. சந்தையிலே தானியக் குவியலுள் நபிகள் நாயகம் அவர்கள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, அதனை ஏன் மேலே வைக்கவில்லை என வணிகனைக் கண்டித்த செய்தியை மத்ரஸாச் சிறுவரும் அறிவர். காட்டுதல் வேறு, சொல்லுதல் வேறு. அறிந்த குறையைச் சொல்லாமல் விற்பதை அந்நெறி ஏமாற்றென்றே கொள்ளும். குறையை மறைத்து விற்ற பொருளை வாங்கியவர் திருப்பித் தரவும் உரிமையுண்டு. தானியமாயினும் படகாயினும் ஈரம் ஈரந்தான்.

நேர்மையைக் கண்டு நெகிழ்ந்து விலையைக் கூட்டிக் கொடுக்கும் வணிகர் கதைகளிலே வருவர். வாழைச்சேனைப் பெரியவர் கதையில் வந்தவரல்லர். வாப்பா சொன்ன செலவை ஏற்றுக்கொண்டு, அதற்குமேல் தம் நாள் வீணாவதற்கும் ஒரு தொகை சேர்த்து, நான்கு இலட்சம் ரூபாயைக் குறைத்தார். அரைமணி நேரப் பேச்சின் பின்னும் அதில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. கைகொடுத்துப் பேச்சை முடித்தனர்.

அந்த நான்கு இலட்சம் எங்களுக்குச் சிறுதொகையன்று. தங்கைக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மேற்கூரைப் பணம் அது. கிழக்குக் கரை முஸ்லிம்களிடையே பெண் புகுந்த வீடு செல்வதில்லை. மாப்பிள்ளையே பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். அவ்வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெற்றோர் கடன். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு இப்பகுதித் தமிழர், முஸ்லிம்களின் குடிமரபை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, 2008இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வழக்கத்தை விரிவாக எழுதியுள்ளார். தமிழகத்துக் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இத்தகைய வழக்கமே உண்டு. இதனைச் சீதனக் கொடுமை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. இவ்வழக்கத்தால் எத்தனையோ பெண்கள் தம் சொந்தக் கூரையின்கீழ், தம் தாயின் அருகிலே வாழ்கின்றனர். அதேவேளை, அக்கூரைக்காக எத்தனை தந்தையர் கால் மடக்கிப் படுக்கின்றனர் என்பதையும் அன்று கண்டேன்.

இன்னொன்றும் தோன்றிற்று. எங்கள் ஊரில் ஆண்மகன் பிறப்பது தாயின் வீட்டில். மணந்து வாழ்வது மனைவியின் வீட்டில். வாப்பாவின் பெயரில் இருந்த ஒரே கூரை அந்தப் படகினுடையதே. ஆனால் அதனை வீடென்று கொள்ளலாமா? மார்க்க அறிஞர் இக்கேள்வியை என்றோ எழுப்பியுள்ளனர். மனைவி மக்களுடன் கப்பலிலேயே குடியிருக்கும் மாலுமி பயணியல்லன், ஆகையால் தொழுகையைச் சுருக்கலாகாது என்பது இமாம் அஹ்மத் அவர்களின் கருத்து. நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபும் அத்தகையவன் முழுமையாகத் தொழுவதையே சிறப்பாகக் கொள்கிறது. குடும்பத்தைக் கரையில் விட்டுவரும் எங்கள் மீனவர்களோ சுருக்கியே தொழுகின்றனர். எட்டு ஆண்டுகள் வாழ்ந்தும் வாப்பா அங்கே பயணியாகத்தான் இருந்தார்.

பணம் வந்து சேர ஒரு வாரம் சென்றது. அதற்கிடையில் ஒரு நாள், படகை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று உம்மா சொன்னார். எவரும் மறுக்கவில்லை. ஒலுவிலில் மீனவர் குறைந்த நண்பகல் வேளையில் வாப்பா கைகொடுக்க, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். இயந்திரத்தைப் பார்க்கவில்லை, மீனறையையும் பார்க்கவில்லை. தட்டிலே படுக்கையை ஒருகணம் தடவிப் பார்த்தார். நேரே அடுப்படிக்குச் சென்று குனிந்து மூலையிலிருந்ததை எடுத்தார்.

“இது எண்ட திருவலையெல்லோ! எத்தின வருஷமாத் தேடின.”

வாப்பா என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்த பட்டியலைப் பார்த்தேன். பதினேழாவது இடத்தில் எழுதியிருந்தது.

“அது இனி அவங்கட” என்றார் வாப்பா.

உம்மா சற்றுநேரம் அதனைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கடல்நீரை மொண்டு நன்றாகக் கழுவி, முந்தானையால் ஈரம் துடைத்து, இருந்த மூலையிலேயே வைத்துவிட்டு இறங்கினார்.