கணக்கில் ஏறாத கட்டணம்

சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் போய்வர எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் காலை எட்டு மணிக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் இன்னொரு கட்டணமும் செலுத்துகிறோம். அதற்குக் கண்டக்டர் சீட்டுக் கிழித்துக் கொடுப்பதில்லை.

சென்ற தடவை நம் காலடியில் ஒரு தக்காளிக் கூடை இருந்தது. அதற்கு உடையவள் இரண்டு கைகளையும் அரணாக வைத்துக் குனிந்தபடி நின்றாள். செம்பட்டியில் ஒரு பெருங்கூட்டம் ஏறிற்று. கூடை தப்பவில்லை. "டிக்கெட்டு இல்லையே, தாயி, அந்த மட்டும் லாபம்" என்று ஒரு பெரியவர் ஆறுதல் சொன்னார். தமிழ்நாட்டு அரசாங்கத்தின் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் 2021 மே மாதத்தில் நீக்கப்பட்டதல்லவா? "டிக்கெட்டு இனாம் சரிதானுங்க ஐயா, தக்காளியுமா இனாம்?" என்றாள் அவள். பெரியவருக்குப் பதில் அகப்படவில்லை, நமக்கும்தான்.

நசுங்கின தக்காளியாவது கண்ணுக்குத் தெரிகிறது. நேரத்தின் கதி என்ன? எண்பது பேர் உள்ள பஸ் என்று வைத்துக்கொள்வோம். படியில் நிற்பவர்கள் இறங்கி வழிவிட்டு மறுபடி ஏறுவதால், ஒரு நிறுத்தத்தில் ஒரு நிமிஷம் கூடுதலாகிறது. பத்து நிறுத்தங்களில் எண்பது பேரும் இழப்பது 800 நிமிஷம். அதாவது பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல்! இந்த நஷ்டம் எல்லாருக்கும் சமமாக விழுவதுமில்லை. மாதச் சம்பளக்காரருக்கு மேலதிகாரியின் முகச்சுளிப்போடு போகும். சித்தாள் வேலைக்குப் போகிறவள் தாமதமாய்ப் போய் நின்றால் அன்றைய கூலியே போய்விடும். சிலர் கூட்டத்துக்குப் பயந்து மோட்டார் சைக்கிள் வாங்கி, மாதந்தோறும் தவணை கட்டுகிறார்கள். அதுவும் நெரிசலின் கட்டணந்தான்.

1917-இல் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். 22 பேருக்கென்று எழுதியிருந்த வண்டியில், ராயச்சூருக்கு அப்பால் நெருக்கடி சகிக்க முடியாததாயிற்று. முதல் வகுப்புக்காரர் கொடுப்பது ஐந்து மடங்கு கட்டணம். அப்படியானால் நமக்கு ஐந்தில் ஒரு பங்கு சௌகரியமாவது உண்டா என்று அவர் கேட்டார். வியாபாரக் கணக்கு அறிந்த வம்சத்தவர் அல்லவா!

சிங்கப்பூரில் 2013 முதல் 2017 வரை, காலை 7-45க்கு முன்பே நகர மத்தியில் குறிப்பிட்ட ஸ்டேஷன்களில் இறங்குவோருக்கு ரயில் கட்டணம் கிடையாது என்று வைத்துப் பார்த்தார்கள். சாமர்த்தியமான யோசனை. ஆனால் நம் ஊருக்கு உதவாது. பள்ளிக்கூட மணியும் மார்க்கெட் ஏலமும் யாருக்காகவும் நகர்வதில்லை. எட்டு மணிக்கே இன்னொரு பஸ் வேண்டும்.

அது திரும்புகையில் காலியாக வரும், நஷ்டம் என்பார்கள். வாஸ்தவம். பஸ்ஸின் கணக்குப்படி நெரிசலே லாபம்: டிரைவர் ஒருவர், ஆட்கள் எண்பது. அந்தப் பதின்மூன்று மணி நேரமும் போன கூலியும் நசுங்கின சரக்கும் வேறு வேறு வீட்டு நோட்டுகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டினால், இரண்டாவது பஸ்ஸுக்கு டீஸல் போட்டது போகச் சில்லறையும் மிஞ்சும் என்றே நமக்குத் தோன்றுகிறது.