தக்ஸீம் சதுக்கத்தில் ஒரு மாலை

தக்ஸீம் என்றால் பங்கீடு என்பதை அரபி ஓதியோர் அறிவர். இஸ்தான்பூல் மாநகரின் நடுநாயகமான அச்சதுக்கத்திற்கு இப்பெயர் வந்தது தண்ணீரால்! முதலாம் மஹ்மூது சுல்தான் காலத்தில், 1732-இல் எழுப்பப்பெற்ற எண்கோணக் கல்மண்டபத்திலிருந்தே நகரின் பகுதிகளுக்கு நீர் பிரித்தளிக்கப்பட்டது. அம்மண்டபம் இன்றும் நிற்கின்றது.

நீரைப் பங்கிட்ட இடம் எவருடைய பங்கு என்பதே பிற்காலத்து வழக்கு. 1806-இல் கட்டப்பெற்று 1940-இல் இடிக்கப்பட்ட பீரங்கிப் படையினரின் பாசறையை, கெஸி பூங்காவின் மரங்களை அகற்றி மீண்டும் எழுப்ப அரசு முனைந்தது. 2013 மே மாத இறுதியில் கிளர்ச்சி மூண்டு நாடெங்கும் பரவியது, உயிர்களும் பறிபோயின. உஸ்மானியர் சின்னங்கள்மீது பெருமதிப்புக் கொண்டவன் நான். எனினும், மறைந்துபோன சுவருக்காக நிழல்தரும் மரத்தை வெட்டுவதை என் மனம் ஒப்பவில்லை.

2020-இல் மாநகராட்சி வேறு வழி கண்டது. கட்டடக் கலைஞரிடையே போட்டி நடத்தி, தேர்ந்த மூன்று வரைபடங்களை மக்கள் முன் வைத்தது. இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். இக்கேள்வியை முன்னரே கேட்டிருக்கலாகாதா?

2021-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டுப் பூங்காவிற்குச் சென்றேன். மரங்கள் நின்றன. அமர்வதற்குத்தான் இருக்கையில் இடமில்லை.