மையவாடியோடு முடியும் வழக்கு

கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் மகளுக்கொரு வீட்டைக் கொடுத்தே மணம் முடிப்பர். மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து சேர்வார். எனவே பிள்ளைப்பேறும் உம்மாவின் கண்பார்வையிலேயே நிகழ்ந்து வந்தது. மருத்துவிச்சி வீடுதேடி வந்தாள். அவள் கை பிழைத்தால் முகத்துக்கு முகம் கேட்கவும் ஊருக்குள் இடமிருந்தது. பேறு வைத்தியசாலைக்குப் பெயர்ந்ததால் எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன என்பதில் ஐயமில்லை. 1940களின் முற்பகுதியில் இலங்கையில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர்; அண்மைக்காலத்தில் அத்தொகை முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட அளவுக்குத் தாழ்ந்துள்ளது. இச்சாதனையைச் சிறுமைப்படுத்துவது நன்றிகேடாகும். ஆயினும் கேட்கும் உரிமை அப்பெயர்ச்சியில் எங்கோ தவறிப்போயிற்று.

பேற்றறையில் சிசு இறந்ததெனின் அடுத்து நிகழ்வது யாது? சுணங்காமல் அடக்குதல் மார்க்கக் கடமை. வாப்பா வெள்ளைத் துணியிற் பொதிந்த பிள்ளையை ஏந்திக்கொண்டு மையவாடிக்கு நடப்பார். தாயோ இன்னும் கட்டிலிற் கிடப்பாள். பிள்ளையின் முகத்தையேனும் கண்டாளோ இல்லையோ. "அல்லாஹ் நாடியது" என்னும் சொல் வந்தவர் வாயிலெல்லாம் ஒலிக்கும். அச்சொல் மெய்யான ஆறுதலே. ஆனால் வலி கண்டபின் எத்தனை மணிநேரம் காத்திருந்தாள், சிசுவின் நெஞ்சுத் துடிப்பை யார் எப்போது பார்த்தார், சத்திரசிகிச்சை ஏன் தாமதித்தது என்ற வினாக்களுக்கு அது விடையாகாது. மருத்துவம் அறியாது மருத்துவம் பார்த்தவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்னும் கருத்து நபிமொழியிலேயே உண்டு. விதியை நம்புவதும் விளக்கம் கேட்பதும் தம்முள் பகையல்ல.

பிரேத பரிசோதனையை இம்மக்கள் அஞ்சுவதற்கு மார்க்க உணர்வு மாத்திரம் காரணமன்று. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொரோனாவின் பெயரால் முஸ்லிம்களின் ஜனாஸாக்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. அந்நினைவு ஆறாதிருக்கையில், உடலை அரசின் கையில் ஒருநாள் கூடுதலாக விட்டுவைக்குமாறு கேட்பது எளிதன்று.

ஆயினும் வழக்கின் உயிர்நிலை அப்பரிசோதனையிலேயே தங்கியிருத்தல் கூடும். இந்நாட்டில் மருத்துவக் கவனயீன வழக்குகள் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி தீர்க்கப்படுவன. அவற்றுள் முதன்மையாகப் பேசப்படுவது பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிராக ஒரு தந்தை தொடுத்த வழக்கு. அது மகப்பேற்று வழக்கன்று. 1992இல் மூளைக் கட்டியால் இறந்த சிறுமி பற்றியது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் பெரிதும் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் முழுவதையும் நீக்கியது. கவனயீனம் இருந்தது, ஆனால் அதனாலேயே மரணம் விளைந்தது என்பது நிறுவப்படவில்லை என்பது முடிவு. பிள்ளையின் அன்பை இழந்த துயருக்கு இவ்வகை வழக்கில் ஈடில்லை என்பதும் அங்கு உறுதியாயிற்று. பணமதிப்பிற்குரிய இழப்பே இழப்பு! பிறந்தவுடன் இறந்த சிசுவால் ஒரு குடும்பம் இழந்த பணம் எவ்வளவு என்று எந்த உம்மா கணக்குக் காட்டுவாள்?

அரச வைத்தியசாலையாயின், சட்டமா அதிபருக்கு ஒருமாத முன்னறிவித்தல் கொடுத்தே வழக்கிட வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டம் இத்தகைய வழக்குக்கு ஈராண்டே தருகின்றது. கட்டிலோடு தொங்கும் சீட்டில் எழுதப்படுவதோ ஆங்கிலம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தை நாடலாமெனின், ஒருவரின் மருத்துவக் குறிப்புகளை அவரது எழுத்துமூல இசைவின்றித் தர மறுக்க அச்சட்டமே இடமளிக்கின்றது. இறந்துபோன தாயின் இசைவை எவர் பெறுவது? தாய்மரணங்களைச் சுகாதாரத் துறை நுணுகி ஆராய்கின்றது. பழிசுமத்தாது பாடம் கற்பதே அதன் நோக்கம். அது நல்ல முறையே. தாய்மரணம் குறைந்ததில் அதற்கும் பங்குண்டு. எனினும் கற்ற பாடத்தை வீட்டாருக்கு உரைப்பதாற் கெடுவது யாது?

பழிவாங்கும் வேகமும் தீர்வாகாது. 2022 மார்ச்சில் இராஜஸ்தானின் தௌசாவில், பேற்றுக்குப் பின்னான குருதிப்பெருக்கால் ஒரு தாய் இறக்க, மருத்துவர்மீது கொலைக் குற்றம் பதியப்பட்டது. அப்பெண் மருத்துவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். மாறாக, ஸ்கொட்லாந்தின் மொன்ற்கோமறி வழக்கு நோக்கற்பாலது. நீரிழிவுடைய தாயொருத்தியின் பிள்ளைக்கு 1999இல் தோள் சிக்கி மூளைவாதம் நேர்ந்தது. அவ்வாறு சிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது, பத்து எனத் தெரிந்திருந்தும் மருத்துவர் அவளுக்கு எடுத்துரைக்கவில்லை. எடுத்துரைத்திருக்க வேண்டும் என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்த்தது. அங்கும் பதினாறு ஆண்டுகள் கழிந்தன. ஆனால் தாயைக் கேட்டறிந்து முடிவெடுக்கும் ஒருத்தியாக அத்தீர்ப்பு மதித்தது.

கல்முனைத் தாயின் கைவசம் எஞ்சுவது கர்ப்பகாலத்தில் குடும்பநல மருத்துவிச்சி எழுதிக்கொடுத்த கிளினிக் அட்டை. இரத்த அழுத்தம், நிறை, சீனி யாவும் திகதிவாரியாக அதில் உண்டு. அட்டை வைத்தியசாலைக்குப் போகுமுன் அதன் பிரதியொன்றை எடுத்து வைப்பதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஜனாஸாவை ஏற்குமுன் "என்ன நடந்தது, ஐயா?" என்று தமிழிற் கேட்டு, விடையைத் திகதியிட்டு எழுதிக்கொள்வதற்கும் அரைமணி நேரம் போதும், அடக்கம் அதனாற் சுணங்காது.