காணாமையும் இன்மையும்

ஒன்றை "இல்லை" எனக் கூறுதல் எளிது. இல்லையென நிறுவுதல் அரிது. வரலாறு பயிலும் எனக்கு இவ்வேறுபாட்டை உணர்த்தியது கல்வெட்டுமன்று, ஏட்டுச்சுவடியுமன்று. ஒரு கணினி வலையமைப்பே.

எமது ஆய்வுக் குழுவினர், முதியோர் சிலர் தம் கிராம வாழ்வு பற்றிக் கூறியவற்றை ஒலிப்பதிவு செய்து சேவையகக் கணினி ஒன்றிற் சேமித்து வந்தோம். கூடத்திலுள்ள ஏனைய கணினிகள் அச்சேவையகத்தின் கோப்புகளை வலையமைப்பின் வழியே பெற்று, தம்முடையனவே போற் காட்டும். ஒருநாள் 'ஆய்வு' என்னும் கோப்புறையைத் திறந்தபோது கட்டுரைகள் இருந்தன, படங்கள் இருந்தன, 'ஒலி' என்னும் உட்கோப்புறை மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. குரல் தந்தோருள் இருவர் அதற்கிடையிற் காலமாகியிருந்தனர். பதிவுகள் அழிந்தன என்றே பலரும் கருதினர். எழுத்தாவணங்களை மட்டுங் கொண்டு ஆய்வை முடிப்போம் என்றார் ஒருவர்.

கணினிக் கூடப் பொறுப்பாளரோ அமைதியாகச் சொன்னார்: "அழியேல்லைப் பிள்ளை. உங்கட கணினிக்குத் தெரியேல்லை, அவ்வளவுதான்."

அவர் விளக்கியது வருமாறு: இடம் போதாமையால் சேவையகத்திற் புதிய வன்தட்டு ஒன்று பொருத்தப்பட்டு, ஒலிப்பதிவுகள் அதற்கு மாற்றப்பட்டிருந்தன. யுனிக்ஸ் வழிவந்த கணினிகளிற் கோப்புகள் யாவும் ஒரே மரம் போலத் தோன்றும். உண்மையில் அது பல மரங்களின் ஒட்டு. ஒரு கோப்பு முறைமையின் கிளையொன்றில் இன்னொரு கோப்பு முறைமை பொருத்தப்படுகின்றது. சேவையகத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு ஒட்டிய இடம் புலப்படாது. ஆனால், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984 இல் உருவாக்கிய என்.எவ்.எஸ். என்னும் பகிர்வு முறையில், வெளிக் கோப்பு முறைமையைப் பகிர்வதனால் உட்பொருந்திய முறைமையும் தானாகவே பகிரப்படுவதில்லை. எல்லை வந்ததும் பகிர்வு நின்றுவிடும். ஒட்டுக்குக் கீழேயுள்ள பழைய வெற்றுக் கோப்புறையே தொலைவிலுள்ள கணினிக்குத் தென்படும்.

இவ்வெல்லைக்குக் காரணங்கள் உள. ஒவ்வொரு கோப்பு முறைமையும் தன் கோப்புகளுக்குத் தானே இலக்கமிடுகின்றது. லினக்ஸிற் பெருவழக்கான எக்ஸ்ட் 4 போன்ற முறைமைகளில் வேர்க் கோப்புறையின் இலக்கம் எப்போதும் 2 ஆகும். இரு முறைமைகளை ஒன்றெனக் காட்டின், வெவ்வேறு கோப்புகள் ஒரே இலக்கத்தைப் பெறும். பெறுகின்ற கணினி மயங்கும். மேலும், விருந்தினரை முன்மண்டபத்துக்கு அழைத்தவர் உள்ளறைச் சாவியையும் கொடுத்துவிட்டாரென்று கொள்ளலாகாது. உள்ளே மாணவர்தம் புள்ளிப் பட்டியலும் இருக்கலாம் அன்றோ!

லினக்ஸிலே இதற்கு இரு வழிகள் உண்டு. உள்முறைமையையும் பகிர்ந்து அதற்கு 'நோஹைட்' எனக் குறித்தால் அது மட்டும் வெளிப்படும். வெளிமுறைமைக்குக் 'குரொஸ்மவுண்ட்' எனக் குறித்தால் அதன்மீது பொருந்திய யாவும் வெளிப்படும். என்.எவ்.எஸ்.ஸின் நான்காம் பதிப்பின் வரையறை 2000 இல் வெளிவந்து 2003 இல் திருத்தப்பட்டது. அதன்படி சேவையகம் தான் பகிர்பவற்றை ஒரே மரமாகக் காட்டும். பெறுங் கணினியும் எல்லையைக் கடப்பதை உணர்ந்து இலக்கங்களை வேறுபடுத்தும். ஆயினும் பகிர்வோரின் இசைவு அங்கும் வேண்டும்.

பொறுப்பாளர் பகிர்வுப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்தார். மறைந்த இருவரின் குரல்களும் கூடத்தில் ஒலித்தன.

அன்றுமுதல், "இது பற்றிச் சான்றுகள் இல்லை" என்னும் வாக்கியத்தை நூல்களிற் காணுந்தோறும் நான் சற்றே தயங்குகின்றேன். பெண்களைப் பற்றியோ கூலியாட்களைப் பற்றியோ ஆவணக் காப்பகம் மௌனஞ் சாதிக்கும்போது, அம்மக்கள் பேசவில்லை எனக் கொள்வதா? அன்றி, எமக்குக் கிடைத்த அனுமதி ஓர் எல்லையில் நின்றுவிட்டது எனக் கொள்வதா? வெற்றுக் கோப்புறை இவ்வினாவுக்கு விடை தராது. விடையறிய வேண்டின் சேவையகம் இருக்கும் இடத்துக்கே செல்லவேண்டும்.